பூனையைக் கும்பிட்ட எகிப்தியரா, குட்டியின் கழுத்தைத் திருகிய எகிப்தியரா?

துறைமுகத்தான்:
அந்த ஃபார்வேர்டு மறுபடி வந்துவிட்டது. கி.மு. 525, பெலூசியம் போர். பாரசீக மன்னன் காம்பிசஸ் தன் படைக்கு முன்னால் பூனைகளை நிறுத்தினானாம். பூனைமேல் அம்பு பட்டுவிடுமே என்று எகிப்தியர் வில்லைக் கீழே போட்டார்களாம். நாடு போயிற்றாம். அடியில் கைகூப்பும் பொம்மை இரண்டு.

முதலில் இதை முடித்துவிடுகிறேன். கதையைச் சொல்பவர் பாலியேனஸ். போர்த்தந்திரங்களைத் தொகுத்தவர், சண்டை நடந்து 600 ஆண்டுக்கும் மேல் கழித்து எழுதியவர். அவர் பட்டியலில் பூனை மட்டுமில்லை. நாய், ஆடு, ஐபிஸ் பறவை எல்லாம் உண்டு. அதே போர்க்களத்தை ஒரு நூற்றாண்டுக்குள் நேரில் போய்ப் பார்த்தவர் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். அங்கே கிடந்த மண்டை ஓடுகளில் பாரசீகருடையது கூழாங்கல் பட்டாலே ஓட்டையாகிறது, எகிப்தியருடையது பெரிய கல்லால் அடித்தாலும் உடையவில்லை என்று அளந்துவிட அவருக்கு நேரம் இருந்திருக்கிறது. பூனையைப் பற்றி ஒரு வரி இல்லை. பாரசீக வீரர்கள் பூனையைத் தூக்கி வீசுவதாக ஃபார்வேர்டில் வரும் படம் 1872இல் லெனுவார் என்ற பிரெஞ்சுக்காரர் வரைந்தது.

இப்போது என் கேள்வி. 1888இல் மத்திய எகிப்தில் பெனி ஹசன் பக்கம் ஒரு விவசாயி தோண்டும்போது பூனை மம்மிகள் குவியல் குவியலாக வந்தன. அதில் 19 டன் கப்பலேறி லிவர்பூல் போனது. சுமார் 1,80,000 பூனை என்று அப்போதே கணக்குப் போட்டார்கள். 1890இல் ஏலம் விட்டு, அரைத்து, வயலுக்கு எருவாகப் போட்டார்கள். நல்லவேளையாக வேறு இடங்களில் கிடைத்தவை அருங்காட்சியகங்களில் தப்பின. லண்டனில் இருக்கும் ஒரு தொகுப்பை எக்ஸ்-ரே எடுத்த ஆய்வு 1981இல் வந்தது. பல பூனைகளின் கழுத்தெலும்பு விலகியிருக்கிறது. வயது? பெரும்பாலும் ஒன்று முதல் நான்கு மாதம், இல்லாவிட்டால் ஒன்பது முதல் பன்னிரண்டு மாதம். இரண்டு வயதைத் தாண்டியது அபூர்வம்.

தானாகச் செத்த பூனைக்கு இப்படி வயது வராது. வளர்த்தார்கள், கழுத்தைத் திருகினார்கள், துணி சுற்றினார்கள், விற்றார்கள். இதற்குப் பெயர் பூனை பக்தி என்றால் கசாப்புக் கடைக்காரரும் ஆட்டு பக்தர்தான்.

பாலாடை:
கசாப்புக் கடை உதாரணம் மலிவு. அவர் ஆட்டுக்கு லினன் சுற்றிக் கண் வரைகிறாரா?

பெலூசியம் கதையை நானும் நம்பவில்லை. ஆனால் அதை உடைத்த சூட்டோடு முழு விஷயத்தையும் குப்பையில் போடுகிறீர்கள். நேரில் பார்த்த சாட்சி ஒருவர் இருக்கிறார், அவரை ஏன் விட்டுவிட்டீர்கள்? சிசிலிக்காரரான டயோடோரஸ், கிரேக்க மொழியில் வரலாறு எழுதியவர். கி.மு. 60ஐ ஒட்டி எகிப்தில் இருந்தவர். ரோமாபுரியிலிருந்து வந்த ஒருவன் தவறுதலாக ஒரு பூனையைக் கொன்றுவிடுகிறான். கூட்டம் அவன் வீட்டைச் சூழ்கிறது. அரசன் டாலமி அப்போது ரோமின் தயவுக்காகக் காத்துக்கிடந்த நேரம். அதிகாரிகளை அனுப்பிக் கெஞ்சியும் பார்த்தான். ரோமைப் பற்றிய பயமும் வேலைக்காகவில்லை. ஆளை முடித்துவிட்டார்கள். இதைக் காதால் கேட்டு எழுதவில்லை, கண்ணால் பார்த்தேன் என்கிறார்.

ஹெரோடோட்டஸை வேண்டியபோது மட்டும் நம்புவீர்களா? வீட்டுப் பூனை இறந்தால் வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் புருவத்தை மழித்துக்கொள்வார்கள் என்று அவர்தான் எழுதினார். தீப்பிடித்தால் அணைப்பதை விட்டுவிட்டு, பூனை நெருப்பில் குதிக்காமல் இருக்க வரிசையாக நின்று காவல் காப்பார்கள் என்றும் எழுதினார்.

சும்மா_ஒருவன்:
நாய் இறந்தால் தலை, உடம்பு எல்லாம் மழிக்க வேண்டும் என்றும் அவர்தான் எழுதியிருக்கிறார். அந்தக் கணக்கில் நாய்தான் பெரிய சாமி. பூனைக்காரர்கள் இதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

நூலகப்பூச்சி:
இரண்டு பேரும் மூன்று வேறு பூனைகளை ஒரே சாக்கில் போட்டுக் குலுக்குகிறீர்கள். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, வீட்டுப் பூனை. புதிய அரசு காலத்து (சுமார் கி.மு. 1550 முதல் 1070 வரை) கல்லறை ஓவியங்களில் எஜமானியின் நாற்காலிக்கு அடியில் உட்கார்ந்திருக்கும். நக்த் என்பவரின் கல்லறையில் மீன் தின்கிறது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் நெபாமுன் ஓவியத்தில் நாணல் காட்டுக்குள் பறவைகளைக் கவ்விப் பிடிக்கிறது. அதன் கண்ணில் மட்டும் தங்க ரேக்கு வைத்திருக்கிறான் ஓவியன். தங்கம் தெய்வங்களின் தோல், அதனால் அங்கே சூரியக் கடவுளின் சாயல் இருக்கிறது என்பார்கள். இருக்கலாம். ஆனாலும் அது வீட்டுப் பூனைதான்.

இரண்டு, புராணத்துப் பூனை. பிணத்தோடு வைக்கும் மந்திரத் தொகுப்பான இறந்தோர் நூலின் 17ஆம் மந்திரத்தில் வருவது. ஹீலியோபோலிஸில் இஷெத் மரத்தடியில், பகைவர்கள் அழிந்த இரவில் நின்ற பூனை நான் என்று இறந்தவர் சொல்கிறார். அந்தப் பூனை யார் என்று மந்திரமே கேட்டு மந்திரமே பதில் சொல்கிறது: ரா, சூரியனே. தெயிர் எல்-மெதினாவில் இன்ஹெர்காவு என்பவரின் கல்லறைச் சுவரில் அதைப் பார்க்கலாம். புள்ளிபோட்ட உடம்பு, முயலுக்கு இருப்பதுபோல நீண்ட காது, முன்னங்காலில் ஒரு கத்தி. மற்றொரு காலால் அபோஃபிஸ் பாம்பின் தலையை அழுத்திக்கொண்டு அறுக்கிறது. கொஞ்சுகிற பூனை இல்லை அது. ஒவ்வோர் இரவும் சூரியனின் படகை மறிக்கும் பாம்பைக் கொன்றால்தான் காலையில் விடியும்.

மூன்றாவதுதான் பாஸ்டெட், பூனை முகத் தெய்வம். நைல் டெல்டாவில் இன்றைய ஸகாஸிக் நகருக்குப் பக்கத்தில் இருக்கும் தெல் பாஸ்தாதான் அவள் ஊர், கிரேக்கர் சொன்ன புபாஸ்டிஸ். இவள் பூனையாகப் பிறக்கவில்லை. இரண்டாம் அரச வம்சக் காலத்துக் கற்பாத்திரங்களில் சிங்கத்தலையோடுதான் இருக்கிறாள். அதற்குப் பிறகு 1500 ஆண்டுக்கும் மேல் கழித்துத்தான் பூனை முகம் நிலைக்கிறது. புபாஸ்டிஸோடு நெருக்கமான 22ஆம் வம்சத்தார் ஆட்சிக்கு வந்து, இரண்டாம் ஒசோர்கோன் அங்கே பெரிய விழா மண்டபம் கட்டியபோது அவள் மவுசு ஏறியது. சிங்கமுகத் தெய்வமான செக்மெட்டும் இவளும் ஒரே கோபத்தின் இரு முகம். ஃபிலே கோயிலில் ஹத்தோர் என்ற பெண் தெய்வத்தைப் பற்றிய வாசகம் ஒன்று, சினந்தால் செக்மெட், மகிழ்ந்தால் பாஸ்டெட் என்கிறது.

துறைமுகத்தான் காட்டும் மம்மிகள் எல்லாம் இந்த மூன்றாவது மாதிரி, பாஸ்டெட் போன்ற கோயில் தெய்வங்களின் கணக்கு, அதுவும் கடைசிக் காலத்தது. கி.மு. 7ஆம் நூற்றாண்டு தொடங்கி ரோமர் காலம் வரை. 3000 ஆண்டு மதத்தின் கடைசிப் பகுதியை வைத்துக்கொண்டு எகிப்தியர் இப்படி என்று தீர்ப்பு எழுதக் கூடாது.

துறைமுகத்தான்:
அழகாக இருந்தது, ஐயா. ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை.

ஹெரோடோட்டஸ் போன காலம் கி.மு. 450 வாக்கில். டயோடோரஸ் கி.மு. 60 வாக்கில். புனித விலங்கை வேண்டுமென்று கொன்றால் மரண தண்டனை என்கிறார் முன்னவர், தவறுதலாகக் கொன்றவனையே அடித்துக் கொன்றார்கள் என்கிறார் இரண்டாமவர். கழுத்து திருகிய மம்மிகளும் அதே காலத்தவை. ஒரே நாடு, ஒரே நூற்றாண்டுகள். தெருவில் ஒருவன் தவறுதலாகக் கொன்றால் உயிர் போகும், கோயில் வளாகத்தில் ஆயிரக்கணக்கில் கொன்றால் கைங்கரியமா? மூன்று பூனை என்று பிரித்தாலும் இந்த முரண் அப்படியே நிற்கிறது.

இன்னொன்று. அந்த ரோமன் கொலையைப் பூனை பக்திக்குச் சாட்சியாக நான் எடுக்க மாட்டேன். டாலமியின் அரசு ரோமுக்குக் காசு கொடுத்துக் கொடுத்துத் திவாலாகிக்கொண்டிருந்தது. வரி மக்கள் தலையில். அந்த நேரத்தில் ஒரு ரோமன் கையில் ஒரு செத்த பூனை. அவன் கிரேக்கனாகவோ எகிப்தியனாகவோ இருந்திருந்தால் வீட்டைச் சூழ்ந்திருப்பார்களா என்று யோசியுங்கள்.

பாலாடை:
இருந்திருந்தால் என்று ஆரம்பித்தால் எதை வேண்டுமானாலும் மறுக்கலாம். ரோமர்மேல் கோபம் இருந்தது, சரி. கோபம் வெடிக்க ஏன் ஒரு பூனை வேண்டியிருந்தது? ஒரு ரோமன் கோழியைக் கொன்றிருந்தால் கூட்டம் கூடியிருக்குமா? அதே டயோடோரஸ், வெளிநாட்டில் போருக்குப் போன இடத்தில் சிக்கிய பூனைகளையும் பருந்துகளையும் எகிப்தியர் பணம் கொடுத்து மீட்டு ஊருக்குக் கொண்டுவருவார்கள் என்றும் எழுதுகிறார். அதில் என்ன வரி அரசியல்?

உங்கள் முரணுக்கு வருகிறேன். நேர்ந்துவிட்ட கிடாயை வேறொருவன் திருடி வெட்டினால் ஊர் அவனை விடாது. கோயிலில் அதே கிடாய் வெட்டுப்படும். இதை முரண் என்று யாரும் சொல்வதில்லை. நேர்த்திக்கடன் என்றால் என்னவென்று தெரிந்த நாம் எகிப்தியனிடம் மட்டும் ஏன் இவ்வளவு கறாராக இருக்க வேண்டும்?

துறைமுகத்தான்:
> நேர்ந்துவிட்ட கிடாயை வேறொருவன் திருடி

கிடாயைச் சாமி என்று யாரும் சொல்வதில்லை. கிடாய் செத்ததற்குப் புருவம் மழிப்பதும் இல்லை. நீங்கள் நிரூபிக்க வந்தது பூனை தெய்வம் என்பதை. இப்போது அதைப் பலியாடாக இறக்கிவிட்டீர்கள். எனக்குச் சந்தோஷம்தான்.

நூலகப்பூச்சி:
உதாரணம் சறுக்கினாலும் பாலாடை போகும் திசை சரி. எகிப்தியரே இரண்டு வகை வைத்திருந்தார்கள். மெம்ஃபிஸின் ஏபிஸ் காளை ஒரு சமயத்தில் ஒன்றே ஒன்று. உடம்பில் குறிப்பிட்ட அடையாளங்கள் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள், ராஜ மரியாதை, செத்தால் நாடே துக்கம், செராபியம் என்ற நிலவறையில் பெரிய கற்பேழை. அந்தக் காளையில் கடவுள் தங்குகிறார். இரண்டாவது வகை, கோயிலைச் சுற்றிக் கூட்டமாக வளரும் விலங்குகள். அவை அந்தத் தெய்வத்துக்கு உரியவை, தனித்தனியாகத் தெய்வம் இல்லை. கூட்டத்தில் ஒரு பூனைக்கு எப்போது தெய்வத்தன்மை ஏறுகிறது? இறந்து, பதப்படுத்தி, துணி சுற்றிய பிறகு.

இதைச் சும்மா சொல்லவில்லை. எகிப்திய அரசன் மூன்றாம் அமென்ஹோடெப்பின் மூத்த மகன் துத்மோஸ் ஒரு பூனை வளர்த்தான். தா-மியு என்று பெயர். அதற்குச் சுண்ணாம்புக்கல்லில் ஒரு பேழை செய்தான், இன்றும் கெய்ரோவில் இருக்கிறது. கழுத்தில் பட்டை கட்டிய பூனை படையல் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. ஐஸிஸ், நெஃப்திஸ் என்ற பெண் தெய்வங்கள் மனிதப் பிணத்துக்குக் காவல் நிற்பதுபோலவே நிற்கிறார்கள். எழுத்தில் அந்தப் பூனைக்கு ‘ஓசிரிஸ் தா-மியு’ என்று பட்டம். இறந்த அரசன் இறந்தோரின் கடவுளான ஓசிரிஸ் ஆவதுபோலப் பூனையும் ஆகிறது. அவர்கள் கணக்கில் சாவு ஒரு பதவி உயர்வு. கோயில் பூசாரி குட்டியின் கழுத்தைத் திருகும்போது அதை அழிப்பதாக நினைத்திருக்க மாட்டான், பாஸ்டெட்டிடம் அனுப்பிவைப்பதாக நினைத்திருப்பான். பக்தன் அந்தப் பொட்டலத்தை வாங்கி வைக்கும்போது அவன் வேண்டுதலும் கூடவே போகிறது. வெண்கலப் பூனைச் சிலைகளின் பீடத்தில் ‘பாஸ்டெட் இன்னாருக்கு ஆயுள் தருவாளாக’ என்று பேரோடு எழுதியிருப்பதும் இதற்குத்தான்.

கணக்கப்பிள்ளை:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். பதவி உயர்வு எல்லாம் சரி, சம்பளம் யார் வாங்கினார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

லட்சக்கணக்கில் பூனை என்றால் தீனி வேண்டும். ஆள் வேண்டும். இயற்கை உப்பான நாட்ரான், பிசின், லினன் துணி, பானை, சுரங்க அறைகள், எல்லாம் வேண்டும். எகிப்தை ஆண்ட கிரேக்க வம்சமான டாலமிகள் காலத்தில் இது கோயில் பொருளாதாரத்தின் பெரிய கிளை. பூனைக்கு விவரமான கணக்கு நம் கையில் இல்லை, ஐபிஸ் பறவைக்கு இருக்கிறது. மெம்ஃபிஸின் இடுகாடான சக்காராவில் ஹோர் என்ற குரு ஒருவர் கி.மு. 2ஆம் நூற்றாண்டில் பானை ஓடுகளில் எழுதிவைத்த குறிப்புகள் கிடைத்தன. ஊழல் நடக்கிறது, ஐபிஸ்களுக்கு வரவேண்டிய தீனி சரியாகப் போகவில்லை என்று புலம்புகிறார். விசாரணை நடக்கிறது, சிலரைப் பிடித்துச் சிறையில் போடுகிறார்கள், பிறகு ஒரு விதி வருகிறது: ஒரு பானையில் ஒரு தெய்வம். அப்படி ஒரு விதி ஏன் தேவைப்பட்டது? அதற்கு முன்பு ஒரு பானையில் ஒரு தெய்வம் இல்லாமல் இருந்ததால்தானே.

மான்செஸ்டரில் 800க்கும் மேற்பட்ட விலங்கு மம்மிகளை ஸ்கேன் செய்த முடிவு 2015இல் வெளியானது. மூன்றில் ஒரு பங்கில் முழு விலங்கு. ஒரு பங்கில் சில எலும்பு மட்டும். மீதி ஒரு பங்கில் விலங்கே இல்லை. சேறு, குச்சி, நாணல், முட்டையோடு, இறகு. பக்தன் கொடுத்த காசு மட்டும் முழுக் காசு.

துறைமுகத்தான்:
நன்றி கணக்கு. இதைத்தான் நான் மூன்று பதிவாகக் கத்திக்கொண்டிருக்கிறேன்.

பாலாடை:
அந்த ஆய்வைப் பாதியோடு நிறுத்திவிட்டீர்கள், அண்ணா. ஆய்வு செய்தவர்களே அதை மோசடி என்று சொல்லவில்லை. கோயில் விலங்கின் கூட்டிலிருந்து எடுத்த நாணல், அது போட்ட முட்டையின் ஓடு, பதப்படுத்தும் இடத்துச் சேறு, இதெல்லாம் புனித விலங்கைத் தொட்டவை, அதனால் அவையும் காணிக்கைக்கு ஏற்றவை என்பதுதான் அவர்கள் கருத்து. வெறும் சேற்று மம்மிகளில் சில, முழு விலங்கு இருப்பதைவிட நேர்த்தியாகச் சுற்றப்பட்டிருக்கின்றன. ஏமாற்றுக்காரன் இவ்வளவு மெனக்கெடுவானா?

கணக்கப்பிள்ளை:
ஏமாற்றுக்காரன்தான் மெனக்கெடுவான், தங்கச்சி. உள்ளே சரக்கு இருப்பவன் சும்மா சுற்றினால் போதும்.

சும்மா_ஒருவன்:
இந்த இழையில் இதுவரை வந்த ஒரே தத்துவம் இதுதான்.

நூலகப்பூச்சி:
சிரித்தேன். இருந்தாலும் ஹோர் குறிப்பை இன்னொரு மாதிரியும் படிக்கலாம். எல்லோருமே இது வியாபாரம் என்று நினைத்திருந்தால் அவர் ஏன் புகார் கொடுக்கிறார், அரசு ஏன் விசாரிக்கிறது? தெய்வத்துக்கு உரியதைத் தின்கிறார்கள் என்று உள்ளே இருந்த ஒருவருக்குப் பற்றி எரிந்திருக்கிறது. ஊழல் நடந்ததற்கு அவர் சாட்சி என்றால் பக்தி இருந்ததற்கும் அவரே சாட்சி.

பாலாடை:
அதேதான்.

கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போமா? எல்லோரும் டன் கணக்கில் பேசுகிறோம், ஒரு பூனையை எடுத்துக்கொள்வோம். முன்னங்கால்களை நெஞ்சோடு நீட்டி ஒட்டவைத்து, பின்னங்கால்களை வயிற்றோடு மடித்து, வாலை நடுவில் விட்டு, ஒரு குப்பி வடிவத்துக்குக் கொண்டுவருகிறார்கள். மேலே இரண்டு நிற லினன் பட்டைகள். ஒன்றன்மேல் ஒன்று மடிந்து சதுரத்துக்குள் சதுரமாகக் கோலம் விழும்படி சுற்றியிருக்கிறார்கள். முகத்துக்குத் தனியாகத் துணி, அதில் மையால் கண், மூக்கு. காதுகளைத் துணியிலேயே நிமிர்த்தி வைத்திருக்கிறார்கள். இது ஒருநாள் கூலிக்கு அவசரமாகக் கட்டிய பொட்டலம்போலத் தெரியவில்லை.

துறைமுகத்தான்:
நானும் அருகில் போகிறேன். 2020இல் ஸ்வான்ஸீ பல்கலைக்கழகத்தார் ஒரு பூனை மம்மியின் தலையை நுண் ஸ்கேன் எடுத்தார்கள், துணியைப் பிரிக்காமலே. தாடை எலும்புக்குள் இன்னும் முளைக்காத பற்கள் இருந்தன. ஐந்து மாதம்கூட ஆகாத குட்டி. கழுத்தில் முறிவு. அது சாகும்போதே முறிந்ததாக இருக்கலாம், அல்லது தலையை நிமிர்த்தி வைப்பதற்காகச் சுற்றும்போது முறித்ததாகவும் இருக்கலாம் என்று நியாயமாகவே எழுதியிருக்கிறார்கள். அது எப்படியோ, பால் பல் மாறாத குட்டி எப்படி அந்த மேசைக்கு வந்தது? நீங்கள் கோலத்தைப் பார்க்கிறீர்கள். நான் உள்ளே இருப்பதைப் பார்க்கிறேன்.

நிலவறை:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். மதம் எல்லாம் பிறகு வந்ததுதானே? நைல் வெள்ளம், தானியக் களஞ்சியம், எலி, பாம்பு. எலி பிடித்தது, கூட வைத்துக்கொண்டார்கள், பிறகு சாமியாக்கினார்கள். இதற்கு இவ்வளவு சண்டை எதற்கு?

நூலகப்பூச்சி:
எலி மட்டும் காரணமென்றால் கீரியும் பாம்பும் பூனைக்கு ஈடாக வந்திருக்க வேண்டும். எலி எல்லா விவசாய நாட்டிலும் உண்டு, பாஸ்டெட் அங்கே மட்டும்தான். அதோடு, எகிப்து பூனையோடு பழகியது பாஸ்டெட் பூனை முகம் பெறுவதற்கு ரொம்ப முன்னால். தெற்கு எகிப்தின் ஹியெராகோன்போலிஸ் இடுகாட்டில் கி.மு. 3700 வாக்கில் புதைத்த காட்டுப்பூனை ஒன்றின் கால் எலும்பு முறிந்து மறுபடி கூடியிருக்கிறது. அதாவது பிடித்துவந்து சில வாரமாவது யாரோ பராமரித்திருக்கிறார்கள். சைப்ரஸில் அதைவிடப் பழையது உண்டு, கி.மு. 7500ஐ ஒட்டி, மனிதனுக்குப் பக்கத்திலேயே புதைத்த பூனை. அங்கே பூனைத் தெய்வம் ஒன்றும் கிளம்பவில்லை.

பாம்பைப் பற்றி நீங்கள் சொன்னது பெறுமதியான விஷயம். முதல் வம்சக் காலத்திலேயே மாஃப்தெத் என்று ஒரு தெய்வம் இருக்கிறாள், பாம்பையும் தேளையும் கிழிக்கும் காட்டு விலங்கு உருவம். எகிப்தில் பூனை இனத்துக்குக் கிடைத்த மரியாதையில் எலியைவிடப் பாம்புக்குத்தான் பங்கு அதிகம்.

பாலாடை:
தேள் என்றதும் மெட்டர்னிக் கல்வெட்டு ஞாபகம் வந்தது. 30ஆம் வம்சக் காலம், இப்போது நியூயார்க்கில் இருக்கிறது. விஷக்கடி மந்திரங்கள் செதுக்கிய கல். அதில் ஒரு மந்திரம் தேள் கொட்டிய பூனைக்கு! உன் தலை ராவின் தலை என்று ஆரம்பித்து, உறுப்பு உறுப்பாக ஒவ்வொன்றையும் ஒரு தெய்வத்துக்கு ஒப்புக்கொடுத்துக்கொண்டே போகிறது. பூனையின் எந்த உறுப்பிலும் விஷத்துக்கு இடமில்லை என்று ஆகிறது. தனித்தனிப் பூனைக்குத் தெய்வத்தன்மை இல்லை என்றாரே நூலகப்பூச்சி, இதை எங்கே வைப்பார்?

நூலகப்பூச்சி:
வைத்தியத்தில் வைப்பேன். அந்தக் கல்லின்மேல் தண்ணீர் ஊற்றி, வழிந்து வருவதைப் பிடித்து மனிதர்கள் குடித்தார்கள். அந்தப் பூனை ராவின் மகள். அவள் பிழைத்த மாதிரி இந்த நோயாளியும் பிழைப்பான் என்பது மந்திரத்தின் வேலை. தெருப் பூனைக்கு யாரும் கல் செதுக்கவில்லை.

பாலாடை:
சாமி கும்பிடுகிறவர்கள் உங்கள் அளவுக்கு வகைப் பிரித்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

சும்மா_ஒருவன்:
கும்பிட வந்தவர்கள் என்ன நிலையில் இருந்தார்கள் என்று ஹெரோடோட்டஸ் சொல்கிறாரே. புபாஸ்டிஸ் திருவிழாவுக்கு ஆணும் பெண்ணும் படகு படகாகப் போவார்கள். வழியெல்லாம் தாளம், புல்லாங்குழல், பாட்டு. கரையோர ஊர் வந்தால் படகைக் கரையோடு ஒட்டி, படகில் வரும் பெண்கள் அந்த ஊர்ப் பெண்களைக் கேலி பேசி, ஆடி, சேலையைத் தூக்கிக் காட்டுவார்கள். வருஷத்தின் மற்ற நாட்கள் முழுக்கச் செலவாகும் மதுவைவிட இந்த ஒரு விழாவில் அதிகம் செலவாகும். குழந்தைகள் நீங்கலாக ஏழு லட்சம் பேர் என்று உள்ளூர்க்காரர்கள் சொன்னார்களாம்.

கணக்கப்பிள்ளை:
ஏழு லட்சத்தை விடுங்கள், எந்த ஊர்த் திருவிழாக் கமிட்டியும் சொல்லும் கணக்கு அது. பத்தில் ஒரு பங்கு பேர் வந்து, அதில் பத்தில் ஒருவர் ஒரு மம்மி வாங்கினாலும் போதும். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் குட்டி ஏன் ஒன்பது மாதம்வரைகூடக் காத்திருக்கவில்லை என்பதற்கு விடை அங்கே இருக்கிறது. விழாத் தேதிக்குச் சரக்கு தயாராக வேண்டும்.

நூலகப்பூச்சி:
இது உங்கள் ஊகம். அந்த எக்ஸ்-ரே பூனைகள் புபாஸ்டிஸ் விழாவுக்குச் செய்தவை என்று எங்கும் இல்லை. லிவர்பூல் போனவைகூட பாஸ்டெட்டுக்கு உரியவை இல்லை. பெனி ஹசன் பக்கத்தில் இருப்பது பாகெட் என்ற வேறு தெய்வத்தின் குகைக் கோயில், பெண்ணரசி ஹத்செப்சுத் குடைவித்தது. அவள் பெயருக்கே பிறாண்டுகிறவள் என்று பொருள் சொல்வார்கள்.

பாலாடை:
ஒருவரும் பேசாத பூனைகள் இன்னும் இருக்கின்றன. செங்கடல் துறைமுகம் பெரெனிகே. கி.பி. 1, 2ஆம் நூற்றாண்டு. அங்கே ஒரு விலங்கு இடுகாட்டைத் தோண்டியிருக்கிறார்கள். 585 விலங்குகள், பத்தில் ஒன்பது பூனை. மம்மி கிடையாது. கழுத்து முறிவு கிடையாது. தூங்குகிற மாதிரி கிடத்தி, சிலவற்றுக்கு மேலே துணியோ உடைந்த சாடித் துண்டோ மூடியிருக்கிறது. சிலவற்றின் கழுத்தில் இரும்புப் பட்டை, சிலவற்றுக்குக் கண்ணாடி மணியும் சிப்பியும் கோத்த மாலை. அங்கே கிடைத்த விலங்குகளில் பல் போன கிழங்களும் உண்டு. பாலைவனத்து ஓரத்தில், வெளியிலிருந்து உணவு வரவேண்டிய ஊரில், மெல்ல முடியாத பிராணிக்கு யாரோ சோறு ஊட்டியிருக்கிறார்கள்.

சும்மா_ஒருவன்:
தமிழி எழுத்துள்ள பானை ஓடும் ஒரு பெரிய சாடி நிறைய மிளகும் கிடைத்த அதே பெரெனிகேதானே? அந்த இடுகாட்டில் இந்தியாவிலிருந்து போன குரங்குகளும் இருக்கின்றன. நம்மாள் ஒருவன் மிளகு மூட்டையோடு குரங்கையும் ஏற்றியிருக்கிறான்.

துறைமுகத்தான்:
பெரெனிகே நல்ல சாட்சி, என் பக்கத்துக்கு. அது ரோமர் காலத்துத் துறைமுகம். கிரேக்கர், ரோமர், அரபிகள், இந்தியர் கலந்து கிடந்த ஊர். அங்கே பூனைக்குக் கோயில் இல்லை, குருமார் இல்லை, மம்மி இல்லை. குட்டியும் கிழமும் இயல்பான வயதில் செத்திருக்கின்றன. பூசாரி இல்லாத இடத்தில்தான் பிராணிக்குப் பல் விழும்வரை வாழக் கிடைத்திருக்கிறது.

பாலாடை:
பூசாரி இருந்த இடத்திலும் கிடைத்தது. சக்காராவில் புபாஸ்டியோன், பூனைகளின் நிலவறை. துத்தன்காமுனின் செவிலித்தாய் மாயாவின் கல்லறையைப் பிற்காலத்தில் பூனை மம்மிகள் வைக்கப் பயன்படுத்தினார்கள். பிரெஞ்சுத் தொல்லியலாளர் அலான் ஜிவியின் குழு 2001இல் அதற்குள்ளே ஒரு சிங்கத்தின் எலும்புக்கூட்டைக் கண்டது. பல் தேய்ந்த கிழச் சிங்கம். வெகுகாலம் பிடித்துவைத்து வளர்த்ததற்கான தடம் எலும்பில் இருக்கிறது. யாரும் அதன் கழுத்தைத் திருகவில்லை.

துறைமுகத்தான்:
சிங்கத்தின் கழுத்தைத் திருகப் பூசாரிக்குத் தெம்பு வேண்டுமே. ஒரு கிழச் சிங்கத்தைக் காட்டி லட்சம் குட்டிகளை மறைக்கிறீர்கள். அதே சக்காராவில் 2019இல் வெளிவந்தவை சிங்கக் குட்டிகளின் மம்மிகள், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நெறியாளர்:
தெம்பு, கசாப்பு என்று தனிப்பட்ட சீண்டல் கூடுகிறது, குறைத்துக்கொள்ளுங்கள். இழையைப் பூட்டப் போவதில்லை.

நூலகப்பூச்சி:
சிங்கம் ஒன்றே ஒன்று என்பதால் அதை ஏபிஸ் காளை வரிசையில் வைக்கலாம் என்பது என் கருத்து. குட்டிகள் காணிக்கை வரிசை. ஒரே நிலவறையில் இரண்டு வரிசையும் இருந்திருக்கின்றன. துறைமுகத்தான் கேட்கும் முரணுக்கு என்னிடம் இருக்கும் பதில் இவ்வளவுதான்.

துறைமுகத்தான்:
வரிசையை யார் தீர்மானித்தார்கள் என்பதுதான் என் கேள்வியே. காளைக்கு அடையாளம் பார்த்தார்கள் என்றீர்கள். பூனைக்கு என்ன பார்த்தார்கள்?

கணக்கப்பிள்ளை:
எடை.

பாலாடை:
கணக்கு அண்ணா, அதற்கு ஆதாரம் கொண்டுவாருங்கள். சக்காரா ஓடுகளில் ஐபிஸுக்கு எடை போட்டதாக ஒரு வரி காட்டினால்கூட ஏற்றுக்கொள்கிறேன்.